யார் பின்னால் யார்

பால் சங்கத் தலைவர் இறந்து ஒரு மாதமாகிறது. அவர் படுத்த படுக்கையாய்க் கிடந்த இரண்டு வருடமும் சங்கத்தை நடத்திய துணைத்தலைவி ஞாகுதீ, மைதானத்து வெயிலில் எங்களுக்கு முதுகு காட்டி நிற்கிறாள். பக்கத்தில் தலைவரின் மகன் முரியுகி, காலையில்தான் நைரோபியிலிருந்து வந்தவன். வேண்டியவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நிற்பதுதான் இங்கே ஓட்டு. "விதிப்படி ஞாகுதீதானே அடுத்து?" என்கிறாள் ஒருத்தி. "விதி கெடக்கு. அப்பன் உக்காந்த நாற்காலியில பொம்பளையா?" என்று செயலாளர் சிரிக்கிறார். என் மகன் சங்கத்து லாரி ஓட்டுவதை நேற்றே வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போனவர் அவர். ரப்பர் காலணிகள் ஈரப்புல்லைச் சதக் சதக்கென்று மிதித்தபடி முரியுகி பக்கமே நகர்கின்றன. ஞாகுதீ திரும்பாமலே கேட்கிறாள்: "கதோனி அக்கா, நீயாவது நிக்கிறியா?" "நிக்கிறேன்டி" என்கிறேன். குரல் எந்த வரிசையிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.