எதில் ஒட்டியது?

"உழைச்சது நீ. பேரு அவங்களுக்கா?"

மாமா கேட்ட கேள்வியில் ஆய்வுக்கூடத்து நடைபாதையே திரும்பிப் பார்த்தது.

"மெதுவா மாமா," என்றாள் அக்கா மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உள்ள நிர்வாகக் குழு உட்கார்ந்திருக்கு. என் ஒப்பந்தத்தை நீட்டிக்கறதா வேண்டாமான்னு இன்னைக்குத்தான் முடிவு. அறிக்கையைப் பார்த்தா எங்க ஆய்வுத் தலைவி பேரு மட்டும்தான், என் பேரே இல்ல."

மாமா தொழிற்சங்கத்தில் தலை நரைத்தவர். அடுத்தவன் வியர்வையில் பாராட்டு வாங்கிக்கொண்ட அதிகாரிகளை ஆயுள் முழுக்கப் பார்த்தவர்.

"அப்படி என்னதான் கண்டுபிடிச்ச? சண்டை போடறவனுக்கு விஷயம் தெரியணும்."

"நோயை உண்டாக்கற ஒரு புரதத்தைப் பிளாஸ்டிக் தட்டுல பூசி வைப்போம். மேல லட்சக்கணக்கான பெப்டைடுகளை ஊத்துவோம். பெப்டைடுன்னா குட்டிக் குட்டிப் புரதத் துண்டுங்க. அப்புறம் கழுவுவோம். எது போகாம ஒட்டிக்கிட்டு நிக்குதோ, அதை வெச்சு மருந்து தேடலாம். எனக்கு ஒண்ணு கிடைச்சது மாமா. என்ன கழுவியும் போகல."

"உங்க தலைவி என்ன சொன்னாங்க?"

"'ம்'னாங்க. நாங்க அவங்களுக்கு வெச்ச பேரே பூட்டு."

"எத்தனையோ பூட்டைப் பார்த்தாச்சு. வா."

இருவரும் கூட்ட அறையின் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். திரையில் தலைவியின் பெயர் மட்டும், கொட்டை எழுத்தில். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

அதற்குள் தலைவி பேசத் தொடங்கிவிட்டார்.

"முதல்ல ஒரு தப்பைச் சொல்லிடறேன். போன கூட்டத்துல கிடைச்சதாச் சொன்ன பெப்டைடு வேலைக்கு ஆகாது. புரதம் பூசாத வெறும் தட்டுல நேத்து ஊத்திப் பார்த்தேன். அங்கேயும் ஒட்டிக்கிச்சு. அது பிடிச்சது புரதத்தை இல்ல, பிளாஸ்டிக்கை."

மாமாவின் சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"உட்காருங்க மாமா," என்று கிசுகிசுத்தாள் அக்கா மகள். "வெறும் தட்டுல பார்க்காம விட்டது நான்தான்."

நிர்வாகக் குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதைக்கூடப் பார்க்காம எப்படிச் சொன்னீங்க? யார் பொறுப்பு?"

"அறிக்கையில யார் பேர் இருக்கோ, அவங்கதான்."

"அப்போ உங்க பதவி உயர்வை இந்த வருஷம் மறந்துடுங்க."

"சரி."

"மத்தவங்க மேல புகார் ஒண்ணும் இல்லையே? அவங்க ஒப்பந்தத்தை நீட்டிச்சுடலாம்."

பின்வரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

வெளியே வந்த தலைவி, கண்கலங்கி நின்றவளிடம், "அழுதது போதும். போய் அடுத்த தட்டை எடு," என்றார்.

மாமா நெளிந்தார். "உங்களைத் தட்டிக் கேட்கத்தான்மா எழுந்தேன். மன்னிச்சுக்குங்க."

"பார்த்தேன். அதான் முந்திக்கிட்டேன்," என்றார் தலைவி. "நியாயம் கேக்கறேன்னு நீங்க மட்டும் அவ பேரைச் சொல்லியிருந்தா, அவ வேலையை நீங்களே பறிச்சிருப்பீங்க."