ஒன்றாம் தேதி

“ஜீவனாம்சத்தை மொத்தமா வாங்கினா வரி கிடையாதும்மா. மாசா மாசம் வாங்கினா அது உங்க வருமானம், வரி கட்டணும்” என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் சிட்லபாக்கம் ஆடிட்டர் துளசிங்கம்.

“பரவால்ல சார். மாசா மாசமே வரட்டும்” என்றாள் நிஷா.

“உங்க வீட்டுக்காரர் பள்ளிக்கரணை ஃப்ளாட்டை வித்து, மொத்தத்தையும் இப்பவே தரேங்கிறார். இதுக்கு மேல என்ன வேணும்?”

புருஷனை ஆயுசுக்கும் அலைய வைத்துப் பழிவாங்கும் பெண்கள் சிலரை அவர் பார்த்திருக்கிறார். இவளும் அந்த ரகம்தான் என்ற நினைப்பில் குரலில் எரிச்சல் ஏறியது.

“பாவம்மா அந்த மனுஷன். கணக்கை முடிச்சு விட்டுடுங்களேன்.”

நிஷா கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள்.

“போன வருஷம் அப்படித்தான் சார் முடிச்சார். கடன், கைமாத்து எல்லாத்தையும் ஒரே நாள்ல அடைச்சார். அன்னைக்கு சாயங்காலம் சானடோரியம் ஸ்டேஷன் தண்டவாளத்துலேர்ந்து நான்தான் இழுத்துட்டு வந்தேன். கூடவே இருந்து காவல் காக்க இனி எனக்குத் தெம்பில்ல.”

துளசிங்கம் பேனாவை மூடினார்.

“ஒண்ணாம் தேதி பணம் வந்தா, அவர் இருக்கார்னு தெரிஞ்சிக்குவேன். அதுக்கு வரி கட்டிட்டுப் போறேன் சார்.”