எல்லாம் சொந்தப் பல்லு

வக்கீல் வாயைத் திறக்க மறுத்தார்.

வாயைத் திறந்தே நாற்பது வருஷம் பிழைத்தவர். கோர்ட்டில் எழுந்து நின்று அவர் ஒரு சிரிப்புச் சிரித்தால் எதிர்த்தரப்புச் சாட்சிக்குப் பாதித் தைரியம் போய்விடும் என்பார்கள். இப்போது ஆபரேஷன் தியேட்டரின் வட்ட விளக்குக்குக் கீழே, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, உதடுகளை இறுக்கியபடி கிடந்தார்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அவர் தலைமாட்டில் நின்றாள்.

காலை நேரத்துத் தியேட்டர் அவளுக்கு எப்போதும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத்தான். பச்சை உடுப்புகள் சத்தமில்லாமல் மிதந்து போகும். கண்கள் மட்டும் தெரியும். எல்லோரும் மாஸ்க் போட்டிருக்கும் அந்த இடத்தைப்போல அவளுக்குப் பிடித்த இடம் வேறில்லை.

பதற்றம் தணிய ஒரு ஊசி போட்டாகிவிட்டது. வக்கீலின் இமைகள் கனத்து இறங்குவதும், ஏதோ நினைத்துக்கொண்டதுபோல மறுபடி ஏறுவதுமாக இருந்தன.

சற்றுமுன் அவர் நர்சிடம் தன் பெயரைச் சொன்னபோது மேல்வாயில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். வேறு யார் காதிலும் விழவில்லை. அவள் காதில் விழுந்தது.

பல்செட்.

மயங்கிய பிறகு அது நழுவித் தொண்டையில் இறங்கினால் மூச்சை அடைத்துவிடும். அதற்காகத்தான் முதல் நாளே வார்டுக்குப் போய் எல்லோரிடமும் கேட்பது. இவரிடமும் கேட்டாள். “எல்லாம் சொந்தப் பல்லு” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அந்த நேரம் அவர் அவளுடைய பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போனால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

அவள் பற்கள் பழுப்பு. துரு இறங்கினாற்போல் பட்டைபட்டையாகக் கறை. மூன்று வேளை துலக்கினாலும் போகாது. பிறந்த ஊரின் ஆழ்குழாய்த் தண்ணீர் அப்படி. அங்கே எல்லோருக்கும் அதே பல் என்பதால் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அன்று போட்டோக்காரர் “வாயை மூடிட்டுச் சிரிங்க” என்றபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ. தன் பல்லையே சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என் பெண்ணை எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று திரைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் கேட்டது நன்றாகவே காதில் விழுந்தது. பெண் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனாள். அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டது சர்ஜனை. சர்ஜனுக்கு முத்து முத்தாகப் பல்.

பல்லுக்கு மேல் வெள்ளை உறை போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கு நல்ல பல்லை ராவ வேண்டும். பல் டாக்டரிடம் இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் போகாமல் இருந்துவிட்டாள்.

நேற்று மூன்றாவது தடவையாக நாள் வாங்கினாள். வார்டிலிருந்து அவள் வந்த கொஞ்ச நேரத்தில் நர்ஸ் தயங்கித் தயங்கி வந்து, வேறு டாக்டர் கிடைப்பார்களா என்று வக்கீல் கேட்பதாகச் சொன்னதற்கு அப்புறம். காரணம் சொல்லவில்லையாம். சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வேறு டாக்டர் இல்லை.

அவள் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், பல்செட் இருந்தால் எடுத்துவிட வேண்டும் என்றாள். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். கண்கள் சர்ஜன்மேல் போயின, நர்சுகள்மேல் போயின, திரும்பி வந்தன. அந்தக் கண்களை அவள் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

எல்லோரையும் இரண்டு நிமிஷம் வெளியே இருக்கச் சொன்னாள். சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அசையவில்லை. போனார்கள்.

மானிட்டரின் மெல்லிய சத்தம் மட்டும் பாக்கி. தான் மட்டும் மூடிக்கொண்டு அவரைத் திறக்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை. மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

“நான் மட்டுந்தான் சார் இருக்கேன்” என்று சிரித்தாள். பல் தெரியத்தான் சிரித்தாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். நேற்றுப் பார்த்த அதே பார்வை. மருந்தின் மயக்கத்தில் அதற்கு இன்று ஒளிந்துகொள்ள இடமில்லை.

பிறகு கட்டைவிரலை வாய்க்குள் விட்டு மேல்செட்டையும் கீழ்செட்டையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, வெதுவெதுப்பாக, வெள்ளைவெளேரென்று இருந்தன. கன்னம் ஒட்டிப்போய், தலையணையில் வேறு யாரோ ஒரு வயசானவர் படுத்திருந்தார்.

“எந்த ஊர்த் தண்ணிம்மா?” என்றார். சொற்கள் வழுக்கி வழுக்கி வந்தன.

சொன்னாள்.

“நாங்க ஏரிக்கு அந்தப் பக்கம்.”

அவள் கை அவர் நெற்றிமேல் இருந்தது. அதை எப்போது வைத்தோம் என்று அவளுக்கே நினைவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து ஆக்ஸிஜன் மாஸ்க்கை முகத்தருகே கொண்டுபோனாள். அவர் ஒரு விரலால் அதைத் தள்ளினார்.

“முதல் கேசு. நான் பேசப் பேச ஜட்ஜு என் பல்லையே பாத்துட்டிருந்தார். அந்த மாசமே போய் எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். இருபத்தாறு வயசு.”

வெளியே யாரோ கதவை மெல்லத் தட்டினார்கள்.

“ஒண்ணுகூட ஆடினதில்லம்மா” என்றார் வக்கீல், பாதித் தூக்கத்தில். “ஒண்ணுகூட வலிச்சதில்ல.”