மருதையின் குரல்

முக்கொம்பில் ஆற்றோடு போன மூன்று மாணவர்களின் பெயரைக் கல்லூரி மண்டபத்து இரங்கல் கூட்டத்தில் பேராசிரியர் வகுப்புப் பதிவேட்டைப் பார்த்தே வாசிக்கிறார். ஊதுவத்திப் புகையில் உட்கார்ந்திருக்கும் வகுப்புத் தோழன் கியாசுதீனுக்குத் தன் வாயை நினைத்தே பயம், கண்ணுகளா. அந்த மூவரில் ஒருவனான மருதை வகுப்புக்கு வராத நாளெல்லாம் அவனுடைய கட்டைக் குரலிலேயே "பிரசென்ட் சார்" சொல்லிப் பழகிய வாய் இது. இன்றும் நழுவிவிட்டால்? முன்வரிசையில் மருதையின் அம்மா பொன்னுத்தாய், கரையில் கிடைத்த மகனின் செருப்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். "வாயைப் பொத்திக்கடா மாப்ளே" என்று பக்கத்திலிருக்கும் ரஹீம் கிசுகிசுக்கிறான். கியாசுதீன் கையால் பொத்திக்கொள்கிறான். "மருதை." பழக்கதோஷத்தில் பேராசிரியர் இரண்டாம் முறையும் கூப்பிடுகிறார். "மருதை!" "பிரசென்ட் சார்." கியாசுதீனின் விரலிடுக்கில் நழுவிய அந்தக் கட்டைக் குரலுக்குப் பொன்னுத்தாய் விருட்டென்று எழுகிறாள். "என் ராசா, எங்கடா உக்காந்திருக்கே?" என்று ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு அவன் வரிசைக்கு வருகிறாள்.