சௌர் ஆற்றின் நடுவில்

1816, இலையுதிர்காலத்தின் ஒரு காலை. சௌர் ஆற்றின் நடுவில், முழங்கால் தண்ணீரில் லீஸ்பெத் இரண்டு மாதக் கைக்குழந்தையோடு நிற்கிறாள். எதிர்க்கரையிலிருந்து அக்கா ஒடீலியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வருகிறாள். கோடையில் இரண்டு ராஜாக்கள் எழுதிய உடன்படிக்கையில் ஆறே எல்லையாகி, அக்காவின் கரை பிரஷ்யாவுக்குப் போய்விட்டது. "ஏம்மா, சீட்டு இல்லாம அந்தக் கரைக்குப் போகக்கூடாது!" பின்னாலிருந்து காவலர் கத்துகிறார். "நான் எங்கய்யா போறேன்? ஆறு ரெண்டு ராஜாவுக்கும் பொதுன்னு மாதா கோயில் வாசல்ல நீங்கதானே வாசிச்சீங்க?" காவலர் சட்டைப்பையிலிருந்து அந்த அறிவிப்புத் தாளை எடுத்து, உதடு அசைய மறுபடியும் படிக்கிறார். பனி கலைந்து தண்ணீரில் வெயில் விழுகிறது. அக்கா முதன்முதலாகக் குழந்தையை வாங்கி, உச்சியை முகர்கிறாள். "நம்ம அப்பா மூக்குடி." நான்கு கால்களும் குளிரில் மரத்துப்போகின்றன. இருவரும் கரையேறவில்லை.