சாமி இல்லாத கடல்

கைபேசியைத் தள்ளத் தள்ளக் கடலாக வந்துகொண்டிருந்தது.

முட்டம். கோவளம். தரங்கம்பாடி. பாண்டிச்சேரி.

"இந்த வருஷம் நீயே சொல்லு. நீ சொல்ற எடந்தான்" என்றான் கணவன், கால் நகத்தை வெட்டிக்கொண்டே.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஏங்கியது இதற்குத்தான். இப்போது கையில் கிடைத்தும் மனசு ஒட்டவில்லை.

ஒவ்வொரு மே மாதமும் ஒரு சனி ஞாயிறு. ஒவ்வொரு தடவையும் திருச்செந்தூர். கோவில்பட்டி வீட்டுக்கு வாடகைக் கார் வந்து நிற்பதற்கு முன்பே மாமியார் பையோடு வாசலில் நிற்பார்.

மாமியார் வந்தால் கோயில். கோயில் என்றால் வரிசை. நெரிபட்டு, வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவதற்குள் பாதி நாள் போயிருக்கும்.

போன வருஷம் அவளுக்குப் பொறுக்கவில்லை. சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே, கணவனிடம் சொல்வதுபோலக் கூடத்தில் இருந்த மாமியாருக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"ஒரு வருஷமாச்சும் சாமி இல்லாத கடலுக்குப் போவோமே. செத்தா போயிருவோம்?"



அந்த வருஷமும் திருச்செந்தூர்தான்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்த மாமியார் எழுந்திருக்கவில்லை.

சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பும்வரை கொடிமரம் உள்ள கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது. அதனால்தான் இந்த மே மாதம் இவள் இஷ்டம். கேட்டது கேட்டபடியே கிடைத்திருந்தது. வெட்கமாக இருந்தது.

"அத்தை இருந்திருந்தா இந்நேரம் பையைக் கட்டி வச்சிருப்பாக" என்றாள். "முருகன்னா அம்புட்டு உசுரு."

அவன் சிரித்துவிட்டான்.

"அம்மாவுக்கா? நம்ம வீட்டு சாமி படத்துக்கு என்னைக்காச்சும் ஒழுங்கா பூ வச்சுப் பாத்திருக்கியா? அம்மாவுக்குக் கடல் தண்ணிதான் உசுரு. கடலுக்குப் போறேன்னு கேட்டா எங்கப்பா விட்டிருப்பாரா? கோயிலுன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டாருல்ல. அப்படி ஆரம்பிச்சது. அப்பா போன பொறவும் அதையே சொல்லிப் பழகிருச்சு."

அவள் விரல் கோவளத்தின் மேல் நின்றுவிட்டது.

"எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே."

"இதெல்லாம் சொல்லணுமா? நீதான கூடவே கரையில நின்னே."

நின்றாள்தான்.

இடுப்பளவு தண்ணீரில் அத்தை, கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. உப்பி எழும் சேலையை ஒரு கையால் அமுக்குவார். மறு கை தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருக்கும். தலை முழுகி எழுந்த பிறகும் கரைப் பக்கம் திரும்பமாட்டார்.

துண்டோடு நின்று இவள் கத்துவாள்.

"அத்தை, போதும் வாங்க. வரிசை நீளுது."

"இந்தா வந்துட்டேன் தாயி."

உடனே வந்துவிடுவார். இன்னும் கொஞ்ச நேரம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சாமியைப் பார்க்கிற அவசரம் என்று இவள் நினைத்துக்கொண்டாள். அவசரம் இவளுக்குத்தான். தரிசனத்தைச் சட்டுப்புட்டென்று முடித்தால் சாயங்காலம் மகளோடு அலையில் ஆடலாமே.

ஆடினார்கள்.

பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக அத்தை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். நீங்களும் வாங்க என்று யாரும் கூப்பிட்டதில்லை. அவருக்குத்தான் காலையிலேயே கடல் முடிந்துவிட்டதே.

அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேருக்கும் ஒரே ஆசை. அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர், நானும் அந்தக் கடலுக்கே வாரேன் தாயி என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அதைச் சொல்லும்படியாகவா இவள் பேசினாள்?

"எந்த ஊருன்னு சொன்னா ரூம் போட்டுருவேன்" என்றான் அவன். "லீவு சமயம். அப்புறம் கிடைக்காது."

அவள் கைபேசியை அவன் பக்கம் நீட்டினாள்.

"இதுல அத்தைக்கு எது புடிச்சிருக்கும்?"

அவன் நகவெட்டியைக் கீழே வைத்தான்.

வாங்கிப் பார்த்தான். ஒவ்வொரு கடலாகத் தள்ளிக்கொண்டு போனான். சிலவற்றில் கொஞ்சம் நின்றான்.

கடைசிப் படம் வந்தது. மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினான்.