இங்கே முகவரி வரும்

"ஏங்க, இதைக் கொஞ்சம் படிங்க."

மனைவி காலைப் பேப்பரை மடித்து நீட்டினாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலையே படித்துவிடுவாள். பிஸ்கட் வாங்கினால்கூட பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து முடிக்காமல் பிரிக்க விடமாட்டாள்.

கணவர் டிசைனர். பேப்பரை வாங்கியதும் முதல் காரியமாக அதைத் தலைகீழாகத் திருப்பினார்.

"நேரா வெச்சுப் படிங்கன்னா..."

"நேரா வெச்சா படிச்சுத் தொலைச்சுடுவோம். படிச்சா எழுத்தோட அழகு எங்கே தெரியும்?"

அது தொழில் பழக்கம். போஸ்டரோ லேபிளோ, தலைகீழாகப் பிடித்துத்தான் எழுத்தும் இடைவெளியும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். அந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். மற்றவர்கள் அப்புறம் ஒரு தடவை நேராகவும் பார்ப்பார்கள்.

"டிசைனர் தேவைன்னு ஒரு விளம்பரம். அந்தக் கட்டத்துக்குள்ள" என்றாள் மனைவி.

"அடடா!" டிசைனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலு பக்கமும் எவ்வளவு இடம் விட்டிருக்காங்க பார். எங்க முதலாளி கையில கிடைச்சா, இந்த இடத்துல இன்னும் ரெண்டு விளம்பரத்தைத் திணிச்சிருப்பார்."

"கீழே சின்னதா ஒரு வரி இருக்கே, அதைப் படிங்க."

"அதைத்தான் பார்த்துட்டிருக்கேன். சின்ன விஷயத்தைச் சின்ன எழுத்துல போடறதுக்கு ஒரு தைரியம் வேணும். கொம்பைச் சிலுப்பாம, காலை நீட்டாம, எவ்வளவு அடக்கமா கைகட்டி நிக்குது இந்த எழுத்து! மரியாதை தெரிஞ்சவங்க நடத்துற ஆபீஸ் இது."

"எழுத்தைப் பார்த்தே அதெல்லாம் தெரிஞ்சுடுமா?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

மனைவி டீயைப் பக்கத்தில் வைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தச் செருப்புக் கடை பேனர் விஷயம் என்னாச்சு?"

டிசைனரின் முகம் சுருங்கியது. போன மாதம் செருப்புக் கடைக்கு ஒரு பேனர் செய்தார். கடைக்காரர் முகவரி தரும்வரை அந்த இடம் சும்மா இருக்க வேண்டாம் என்று, 'இங்கே முகவரி வரும்' என்று ஒரு வரியைப் போட்டு வைத்திருந்தார். முகவரி வந்தது. வரியை யாரும் மாற்றவில்லை. மெயின் ரோட்டில் ரெண்டு மாடி உயரத்துக்கு 'இங்கே முகவரி வரும்' என்று தொங்கியது.

"முதலாளி இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டுத்தான் இருக்கார். முகவரி இல்லை, முகவரி இல்லைன்னு குதிக்கிறாரே தவிர, அந்த வரி எவ்வளவு அழகா உட்கார்ந்திருந்ததுன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை."

"கடைக்கு யாராவது வந்தாங்களா?"

"அது வேற விஷயம்."

"ஏங்க, இந்த வேலை போச்சுன்னா என்ன பண்றது?"

"போகட்டுமே! நான் எங்கே இருக்க வேண்டியவன் தெரியுமா? இதோ, இந்த மாதிரி இடத்துல." விரலால் விளம்பரத்தைத் தட்டினார். பேப்பர் இன்னும் தலைகீழாகத்தான் இருந்தது.

"என் வாயால அதை எப்படிச் சொல்றது? நீங்களே ஒரு தடவை நேரா வெச்சுப் படிங்க. படிச்சுட்டு உடனே முதலாளிகிட்ட பேசுங்க. இன்னைக்கே பேசினாத்தான் உண்டு."

டிசைனர் அவளை நன்றியோடு பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து தன் ரசனைக்கு அவள் இப்படித் துணை நின்றதே இல்லை.

"நீயே சொன்னப்புறம் எனக்கென்ன தயக்கம்?"

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அடுப்பில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. மனைவி ஓடினாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அவர் பேசி முடித்துவிட்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"விட்டுட்டேன்."

"எதை?"

"வேலையை. 'இன்னையிலேர்ந்து நான் வரலை சார்'னு போன்லயே பட்டுன்னு சொல்லிட்டேன்." அவர் குரலில் லேசாக ஒரு வருத்தமும் இருந்தது. "ஒரு பேச்சுக்காவது தடுக்கணுமே அந்த மனுஷன்? 'ரொம்ப சந்தோஷம், எனக்கு ஒரு சங்கடம் தீர்ந்துச்சு'கிறார். நல்லா இருங்கன்னு வாழ்த்து வேற."

மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, நான் மன்னிப்பு கேக்கத்தானே பேசச் சொன்னேன்!"

"எதுக்கு மன்னிப்பு? முதல்ல அந்த ஆபீஸுக்கு எழுதிப் போடணும். என்ன கண்டிஷன் போட்டிருக்காங்கன்னு படி."

படிப்பது அவள் பொறுப்பாயிற்றே. படித்தாள்.

"டிசைனர் தேவை. அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறையாவது நேராக வைத்துப் படித்துப் பார்ப்பவராக இருக்க வேண்டும்."

"நியாயமான கண்டிஷன்தான்" என்றார் டிசைனர். "முகவரி?"

மனைவி பேப்பரை நேராகத் திருப்பி, அவர் முன்னால் வைத்து, அந்தச் சின்ன வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

அடக்கமாகக் கைகட்டி நின்ற அந்த எழுத்துகளில், நேற்று சாயங்காலம்வரை அவர் வேலை பார்த்த ஆபீஸின் முகவரி, இந்த முறை ஒரு பிழையும் இல்லாமல் அச்சாகியிருந்தது.